மூன்று சின்னங்களும் ஒரு ரப்பர் வளையமும்

1

மெல்பேர்ன் நகரின் மேற்கு விளிம்பில், வாகன உதிரிப்பாகங்களைச் சேமித்து அனுப்பும் பண்டகசாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இந்நாட்டில் கார் செய்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் எஞ்சியிருப்பவை இத்தகைய பண்டகசாலைகளே. கண்டியில் தமிழ் கற்பித்தவன், இங்கே கூரையைத் தொடும் இரும்பு அடுக்குகளின் நடுவே பெட்டிகளின் எண்களைப் படித்துக்கொண்டு நடக்கிறேன். அதில் எனக்குக் குறையேதும் இருந்ததில்லை, அண்மைக்காலம் வரையில்.

ஒரு காலை, மேற்பார்வையாளர் எங்களைக் கூட்டிக் கட்டளை ஒன்று தந்தார். குறித்த ஒரு நிறுவனத்தின் வேன்களுக்கு உரிய பிரேக் மாஸ்டர் சிலிண்டர்கள் அனைத்தையும் அடுக்கிலிருந்து இறக்கித் தனியே பூட்டிவைக்க வேண்டும். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது எண்ணெயைச் சக்கரங்களை நோக்கித் தள்ளும் சிறிய குழல் அது. அதன் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் வெப்பத்தில் ஊதிப் பின்பு கிழிகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். கிழிந்தால், மிதி பிடிமானமின்றித் தரைவரை இறங்கும். ஆகவே அந்நிறுவனம் தன் வேன்களைப் பழுது நீக்கத் திரும்ப அழைத்துவிட்டது.

வெள்ளைப் பெட்டிகளை இறக்கினோம். பக்கத்து அடுக்கில் நீலப் பெட்டிகள் இருந்தன. அதற்கும் அப்பால் மஞ்சள் பெட்டிகள். வெள்ளை ஒரு நிறுவனம், நீலம் மற்றொன்று, மஞ்சள் வேறொன்று. மூன்றையும் பிரித்துப் பார்த்த எங்களுக்குத் தெரியும்: உள்ளே இருப்பது ஒரே பொருள். ஒரே அச்சில் வார்த்தது. இரும்பின் விலாவில் ஒரே எண் புடைத்து நிற்கும். வேனின் உடலும் அவ்வாறே. ஒரே உடலுக்கு மூன்று முகம் பொருத்தி, மூன்று பெயர் சூட்டி, மூன்று விலைக்கு விற்கிறார்கள்.

"அந்த இரண்டு அடுக்குகளையும் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"அவர்கள் சொல்லும்போது பார்க்கலாம்" என்றார் மேற்பார்வையாளர். அவர் பொல்லாதவர் அல்லர். பெட்டியின் நிறத்தைப் பார்த்துக் கட்டளையை நிறைவேற்றுவது அவர் பணி.

நிறுவனங்களின் பெயர்களை இக்குறிப்புகளில் எழுதாமலே விடுகிறேன். எழுதினால், தம் வண்டியின் பெயர் இங்கே இல்லை என்று கண்டு ஆறுதலோடு பக்கத்தைத் திருப்புவோர் இருப்பர். அந்த ஆறுதலைப் பற்றித்தான் நான் எழுத வந்திருக்கிறேன்.

2

என் அக்கா சாரதா இலங்கை மலைநாட்டில், புசல்லாவையில் வாழ்கிறார். அவர் கணவர் கனகராஜ், நான் மச்சான் என்று அழைப்பவர், கம்பளையில் உள்ள பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன் ஒன்றை ஓட்டுகிறார். காலையில் இறக்கம், பிற்பகலில் ஏற்றம். அந்த வீதியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தேயிலை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது தொடங்கும். ஒருபுறம் வெட்டிய மண்சுவர், மறுபுறம் பள்ளம். பிரேக்கின் மேல் கால் வையாமல் கடக்கக்கூடிய இடங்கள் மிகச் சில.

மச்சானின் வேன் நீல நிறுவனத்தின் சின்னத்தைத் தாங்கியது. ஜப்பானில் சில காலம் ஓடி, கப்பலேறி, புதுப்பிக்கப்பட்டு வந்தது. வாங்கிய நாளன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கிற்று. ஐயர் வேனின் முகத்தில் இருந்த நிறுவனச் சின்னத்தின் மீது சந்தனமும் குங்குமமும் இட்டார். அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் மச்சான் அந்தச் சின்னத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கிறார். உள்ளே கண்ணாடியோரம் முருகன் படமும் இருக்கிறது. அதற்குப் பூ மட்டுமே. ஊரில் பலர் அவரைக் கனகராஜ் என்று அழைப்பதில்லை. நிறுவனத்தின் பெயரோடு 'அண்ணன்' சேர்த்து அழைக்கிறார்கள். அவ்வாறு அழைத்தால் அவர் சற்று நிமிர்ந்து நடப்பார்.

இதைச் சொல்லி நகைப்பது என் நோக்கமன்று. விற்பவர் சொல்லை நம்ப இயலாத இடத்தில், பழுதுபார்ப்பவர் சொல்லையும் முழுதாக நம்ப இயலாத இடத்தில், கடல் கடந்து இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரே ஓர் ஏழை வேன் முதலாளிக்குக் கிடைக்கும் வாக்குறுதி. அந்நிறுவனங்கள் தமக்குள் பாகங்களைப் பகிர்ந்துகொண்டபோது வாக்குறுதி யார் பங்குக்குப் போயிற்று என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை.

3

அன்று மாலையே அழைத்தேன். மச்சான் கம்பளையில் பாடசாலை வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரம் அது.

"என்ன மாப்ள, இந்நேரத்துல? கங்காரு ஏதும் கடிச்சிருச்சா?"

செய்தியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது அந்தக் கம்பெனி வண்டிக்கு மாப்ள. நம்மளது அது இல்லையே."

"பேருதான் வேற மச்சான். உள்ள இருக்கிற சாமான் ஒண்ணுதான்."

"அப்ப நான் இவ்வளவு காசக் குடுத்து பேரையா வாங்கினேன்?"

ஆம் என்று சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இங்க பாருங்க. அந்தக் கம்பெனி வண்டி ஏத்தத்துல மூச்சு வாங்குறத நான் பின்னால நின்னு தெனமும் பார்க்கிறேன். நம்ம வண்டி சிங்கம் மாதிரி ஏறும். ஒரே சாமானுன்னா அது எப்புடி?"

"நான் ஏறுறதப் பத்திப் பேசல மச்சான். எறங்குறதப் பத்திப் பேசுறேன்."

"பெட்டி அடுக்குற எடத்துல இருந்துக்கிட்டு வண்டிக்கு நோய் சொல்லாதீங்க. மணி அடிச்சிட்டாங்க, புள்ளைங்க வருதுங்க, வைக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் வைத்தார். பிள்ளைகள் ஓடிவரும் ஆரவாரம் இணைப்பு அறும்வரை என் காதில் கேட்டது.

4

நிறுவனமே சொன்னால் கேட்பார் என்று எண்ணினேன். நீல நிறுவனத்தின் மெல்பேர்ன் அலுவலகத்தை அழைத்தேன். வேனின் அடிச்சட்ட எண்ணைக் கேட்டார்கள். சொன்னேன். அப்படி ஒரு வண்டி இந்நாட்டில் இல்லை என்றார்கள். இல்லைதான், அது இலங்கையில் இருக்கிறது என்றேன். எனில் இலங்கை முகவரிடம் கேளுங்கள் என்றார்கள்.

கண்டியில் உள்ள முகவரின் அலுவலகத்தை அழைத்தேன். பேசிய பெண் சிங்களத்தில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறி, என் ஆங்கிலத்தின் ஒலியைக் கேட்டுத் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"சார், அது வேற ஆள் கொண்டுவந்த ரீகண்டிஷன் வண்டிதானே? நாங்க எறக்கின வண்டிக்குத்தான் நாங்க பொறுப்பு."

"சின்னம் உங்களுடையதுதானே அம்மா?"

"சின்னம் எங்கடதுதான் சார். வண்டி எங்கடது இல்ல."

அந்தப் பெண்ணிடம் எனக்குச் சினமில்லை. இவ்வளவு துல்லியமாக இந்நிலையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

என் மகள் இளவேனில் மேசையின் மறுபுறத்தில் இருந்து இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவள் பெயர் 'எல்'. முழுப் பெயரை ஆசிரியர்களால் சொல்ல இயலவில்லை என்று முதலில் சுருக்கினார்கள். இப்போது அவளே அப்படித்தான் கையெழுத்திடுகிறாள். அவள் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, மெல்பேர்ன் அலுவலகத்தை மீண்டும் அழைத்தாள். இங்கே பிறந்த அவள் ஆங்கிலத்தை அவர்கள் நெடுநேரம் கேட்டார்கள், வருந்தினார்கள், குறித்துக்கொண்டார்கள். முடிவு மட்டும் மாறவில்லை.

இவ்விடத்தில் மனிதர்களையும் வண்டிகளையும் ஒப்பிடும் உவமை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. இங்குள்ள தமிழ் விழாக்களில், "நீங்கள் யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்பவரிடம் புசல்லாவை என்று சொன்னதும் அவர் முகத்தில் தோன்றும் சிறு தயக்கத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆயினும் அவ்வுவமையை எடுக்க எனக்கு மனமில்லை. வேனுக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள். உவமைக்கு இது நேரமன்று.

"நான் அத்தையோட பேசுறேன்" என்றாள் மகள்.

அவள் தமிழ் சிறுத்துக்கொண்டே வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு சொற்கள் உதிர்கின்றன. உருபுகள் அவற்றுக்கு முன்பே போய்விட்டன. நான் திருத்துவதை விட்டுச் சில காலமாயிற்று. திருத்தினால் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறாள்.

"அத்தை" என்றாள். "மாமா வேன் போக வேணாம். பிரேக் இல்ல. புள்ளைங்க கீழ விழும்."

நான் அக்காவுக்கு இரண்டு நாளாக விளக்கியிருந்தேன்: வெப்பம், ரப்பர், எண்ணெய், அழுத்தம். "அவருக்கிட்ட நீயே சொல்லுடா தம்பி, நான் சொன்னா கேக்குற ஆளா?" என்பதே அவர் மறுமொழியாக இருந்தது. இப்போது மகளிடம், "சரிடா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அக்கா வேனின் சாவியை எடுத்து அரிசி வாளிக்குள் போட்டுவிட்டாராம். பிறகு மச்சானே சொன்னார்.

5

மறுநாள் மச்சான் அரிசிக்குள்ளிருந்து சாவியைத் தேடி எடுத்து, சினத்தோடு கண்டிக்கு அப்பாலுள்ள அலவத்துகொடைக்குப் போனார். என் சொல் பொய் என்று காட்டுவதே அவர் நோக்கம். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கும் ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். மலைநாட்டு வேன்காரர்கள் பலருக்கு அவர் சொல்லே தீர்ப்பு. கடை வாசலில் வேனை நிறுத்திவிட்டு, மச்சான் எனக்குக் காணொளி அழைப்பு எடுத்தார். நான் பண்டகசாலையில் நீலப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஹாஜியார், எங்க மாப்ள ஆஸ்திரேலியாவுல இருந்துக்கிட்டு நம்ம வண்டியும் அந்த வண்டியும் ஒண்ணுன்றாரு. கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

வெண்தொப்பி அணிந்த பெரியவர் திரைக்குள் எட்டிப் பார்த்தார். "ஆ, தம்பி, அங்க குளிரா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கழற்றிய சிலிண்டர்கள் மூன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"கனகு, இதுல ஒங்கட வண்டிச் சாமான் எது? காட்டுங்க பாப்போம்."

மச்சான் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினார். கீழே வைத்தார். மீண்டும் எடுத்தார்.

"இதுகள் எல்லாம் ஒரே வாப்பாட புள்ளைகள்" என்றார் ஹாஜியார். "மூணு ஊட்டுல வளருது, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கூட வெல சொன்னீங்க?"

"நீங்க பேரச் செல்லித்தானே கேட்டீங்க. பேருக்கும் வெல ஈக்கிதே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. வேனின் பொனட்டைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் தம் சிலிண்டரின் விலாவைத் தேய்த்தார். இரும்பின் எழுத்துகள் கறுப்புக்குள்ளிருந்து மெல்ல வெளிவந்தன.

"வாசிங்க மாப்ள" என்றார்.

பெட்டியைப் பிரித்து, கையிலிருந்த குழலின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அவர் ஒவ்வொன்றின் மீதும் விரல் வைத்துக்கொண்டே வந்தார். பாதியில் என்னை நிறுத்தி, மீதியை அவரே வாசித்தார். அவர் வாசிக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கம் வரை பிசகவில்லை.

"வேற ரப்பர் போட ஏலாதா ஹாஜியார்?"

"போடலாம். அதுவும் இதே ரப்பர்தான் கனகு. புதுசு வரங்காட்டியும் மலையில ஓட்டாதீங்க."

மச்சான் பொனட்டை மூடவில்லை. திறந்த வண்டிக்கு முன்னால் நின்று, தம் வேனின் முகத்தை, அதை முதன்முதலாகக் காண்பவர்போல் பார்த்தார். பிறகு, "வைங்க மாப்ள" என்றார்.

6

வேன் நின்றது. திருத்திய வளையத்தோடு செய்த குழல்கள் இன்னும் எந்தப் பண்டகசாலைக்கும் வந்து சேரவில்லை. வந்ததும் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். மச்சான் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் காரணத்தைச் சொன்னார். எவரும் குறை கூறவில்லை. ஆனால் பரீட்சை நெருங்குகிறது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயாக வேண்டும். நிரம்பி வழியும் பேருந்தில் சிறியவர்களை ஏற்ற யாருக்கும் மனமில்லை. அந்த வாரத்துக்குள் வேறொரு வேன் ஒழுங்காயிற்று. பவாஸ் என்பவர் வைத்திருப்பது. நல்ல மனிதர், நிதானமான ஓட்டுநர். பிள்ளைகளுக்கு அது மேலும் பிடித்திருந்தது, இருக்கைகள் புதியவை என்பதால்.

அந்த வேனின் முகத்தில் இருப்பது மஞ்சள் நிறுவனத்தின் சின்னம்.

அக்கா இதைத் தொலைபேசியில் சாதாரணமாகத்தான் சொன்னார். "புள்ளைங்க பாடு பிரச்சின இல்லடா தம்பி, பவாஸ் வண்டியில போகுதுங்க, அது வேற கம்பெனி." நான் எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அவர் மஞ்சள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். நாங்கள் ஒரு வேனை நிறுத்தியிருந்தோம். பிள்ளைகள் அதே வேனில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே இங்கே நீலப் பெட்டிகளை இறக்கவும் கட்டளை வந்துவிட்டது. மஞ்சளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேற்பார்வையாளரிடம் மீண்டும் கேட்டேன். "அவர்கள் சோதித்துக்கொண்டிருக்கலாம்" என்றார். இருக்கலாம்.

மச்சான் பவாஸிடம் போனார். அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னபோது, அவர் குரலில் இருந்த கேலி முழுதும் தம்மை நோக்கியதாகவே இருந்தது.

"என்னா சொன்னான் தெரியுமா மாப்ள? 'அண்ணே, ஒங்கட கம்பெனியே ஒத்துக்கிட்டிச்சே, எங்கட கம்பெனி ஒண்ணும் செல்லல்லயே. ஒங்கட வண்டி வேற, எங்கட வண்டி வேற'ன்னான். அப்புடியே நான் உங்களுக்குச் சொன்னதுதான். ஒரு எழுத்து மாறல."

"நம்பர் இருக்கே மச்சான். பொனட்டத் தொறந்து காட்டுங்க."

"தொறக்க விடணுமே. தன் வண்டி நின்னுட்டதால அடுத்தவன் வண்டியையும் நிப்பாட்டப் பார்க்குறாருன்னு கடைத்தெருவுல ஒரே பேச்சு. தாய்மாருங்ககிட்ட சொன்னேன். 'நீங்க சொல்றது வெளங்குது அண்ணே, ஆனா அவரு ஓட்டத்த விட்டுட்டா புள்ளைங்க எதுல போறது?'ன்றாங்க."

பொறாமையால் பேசுகிறார் என்னும் சொல்லை அவர் வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டிருக்கிறார். அதைவிட, அச்சொல்லைச் சொன்னவர்கள்மீது அவருக்குச் சினம் வரவில்லை என்பதே என்னைக் கலக்கிற்று.

மஞ்சள் நிறுவனத்துக்கு எழுதினேன். இலங்கைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினேன். என் மடல் கிடைத்ததென்று இரண்டிலிருந்தும் மறுமொழி வந்தது. கிடைத்ததென்பதற்கு மேல் எதுவும் இல்லை. மகள் மஞ்சள் நிறுவனத்து வேன்களின் படங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நல்லா இருக்கு அப்பா" என்று ஒன்றைக் காட்டிவிட்டு, உடனே தன் நாவைக் கடித்துக்கொண்டாள்.

7

இந்த வாரம் முழுவதும், எங்கள் மதிய உணவு வேளையில், அங்கே காலை இறக்கத்தின்போது, மச்சானை அழைத்துப் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. வேனை ஓட்டுவதில்லை, வீட்டில்தான் இருக்க வேண்டும், என்மீது வருத்தமோ என்று எண்ணினேன். இன்று அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன்.

"வீட்டுல எங்கடா இருக்காரு? விடியக்காலம் அஞ்சு மணிக்கே சட்டையப் போட்டுக்கிட்டு பவாஸ் வண்டியில ஏறிப் போயிடுறாரு."

"எதுக்கு?"

"முன்னால, டிரைவர் பக்கத்துல ஒக்காந்துக்குவாராம். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஹேண்ட்பிரேக் இருக்கில்ல, அதுமேல கைய வச்சிக்கிட்டு கம்பளை வரைக்கும் எறங்குறாரு. அது வேற கம்பியிலதான ஓடுது, கால் பிரேக் போனாலும் புடிக்குமாம். புள்ளைங்கள விட்டுட்டு பஸ்ஸுல ஏறி வீட்டுக்கு வாறாரு. பத்து வருஷமா சொந்த வண்டிக்கு முதலாளியா இருந்த ஆளு, இப்ப அடுத்தவன் வண்டிக்குக் கிளீனர்."

அக்கா சிரிக்க முயன்றார். இயலவில்லை.

"பவாஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"மொத நாளு சிரிச்சானாம். 'வாங்கண்ணே, பயம்னா பக்கத்துலயே இருங்க'ன்னானாம். இப்ப சிரிக்கிறதில்ல. நேத்து ஒரு வளைவுல அவனே கேட்டானாம், 'அண்ணே, கை இருக்கா?'ன்னு."

இணைப்பின் மறுமுனையில் புசல்லாவையின் காலை கேட்டது: தொலைவில் ஏதோ ஒரு பேருந்து ஏற்றத்தில் கியர் மாற்றிற்று.

"அப்ப போனையாவது எடுக்கச் சொல்லு அக்கா. அந்த வண்டியில இருக்கும்போது ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"போன் இந்தா, அலுமாரிமேல இருக்கு" என்றார் அக்கா. "கொண்டு போறதில்ல. நீ கூப்பிட்டா கைய எடுத்துருவேன்னு பயமா இருக்காம்."